வேட்பாளரை அறியும் உரிமை

சொந்த ஊரில் தேர்தல் வந்தால் வேட்பாளர் எவரும் நமக்குப் புதியவர் அல்லர். இன்னாருடைய மகன், இன்ன வழக்கில் சிக்கியவர், இவ்வளவு நிலம் உடையவர் என்பதெல்லாம் தேநீர்க் கடையிலேயே தெரிந்துவிடும். பிழைப்பை நாடித் தில்லிக்கோ மும்பைக்கோ வந்து, வந்த இடத்து வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிந்துகொண்ட நம் நிலை வேறு. சுவரொட்டியில் சிரிக்கும் முகத்தைத் தவிர நாம் அறிந்தது ஏதுமில்லை.

இக்குறையைப் போக்கும் காகிதம் ஒன்று உண்டு. வேட்புமனுவுடன் இணைக்கப்பெறும் 26-ஆம் எண் படிவமே அது. இந்தியில் அதனைச் ‘சபத் பத்ர’ என்பர். மொழிபெயர்ப்புப் பணியில் அமர்ந்த புதிதில் அச்சொல்லைக் கண்டதும் நமக்குப் பாஞ்சாலியின் சபதமே நினைவுக்கு வந்தது! தமிழில் சபதம் என்பது சூளுரை. இந்தியில் அது பிரமாணம். ஆகவே பிரமாணப் பத்திரம் என எழுதக் கற்றுக்கொண்டோம்.

இப்பத்திரம் எளிதில் வந்ததன்று. வேட்பாளரின் குற்ற வழக்கு, சொத்து, கடன், கல்வி ஆகியவற்றை அறிய வாக்காளருக்கு உரிமை உண்டு என்று சுப்ரீம் கோர்ட் 2002 மே 2-ஆம் நாள் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே சட்டம் திருத்தப்பட்டு, அவ்வுரிமையின் எல்லை சுருக்கப்பட்டது. 2003 மார்ச் 13-ஆம் நாள் அத்தடையை நீதிமன்றம் செல்லாதது ஆக்கிற்று.

தாக்கலான பத்திரத்தின் நகலைத் தேர்தல் அதிகாரி தம் அலுவலகத்தில் பலரும் காணும் இடத்தில் ஒட்ட வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும் அது வெளியாகும். நிரப்பாமல் விட்ட இடங்களைச் சுட்டிக்காட்டிய பின்னும் வேட்பாளர் நிரப்பாவிடில், மனுவைத் தள்ளுபடி செய்யலாம் என்பது 2013-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. எழுதியது மெய்யா என விசாரிப்பது மட்டும் அவ்வதிகாரியின் வேலையன்று. பொய்யுரைத்தமை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டால் ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

சென்ற தேர்தலின்போது, இந்தி படிக்கத் தெரியாத அண்டைவீட்டு மூதாட்டி ஒருவர் கேட்டுக்கொண்டதால், ஒரு வேட்பாளரின் பத்திரத்தைத் தமிழில் படித்துச் சொன்னோம். நிலம், வங்கி இருப்பு, கடன் யாவற்றையும் அம்மையார் பொறுமையாகக் கேட்டார். மனைவியின் பொன் நகைக் கணக்கு வந்தபோது முகம் சுளித்து, “அந்தப் பெண்ணின் கழுத்து நகை நமக்கு எதற்கு, தம்பி?” என்றார்.

நியாயமான வினா. தேடிய செல்வத்தை மனைவி மக்கள் பெயரில் மறைக்கக்கூடும் என்பதாலேயே அவர்கள் கணக்கும் கேட்கப்படுகிறது என்று விடை கூறினோம். ஆயினும் அம்மையாரின் மனம் தயங்கிய இடத்திலேயே நீதிமன்றமும் ஓர் எல்லை வகுத்திருக்கிறது. அருணாசலப் பிரதேசத்துத் தேஜு தொகுதியில் 2019-இல் வென்றவர், குடும்பத்தார் பெயரில் பதிவாகியிருந்த மூன்று வண்டிகளைக் குறிப்பிடவில்லை என்று வழக்கு எழுந்தது. அவை முன்னமே கைமாறியவை. 2024 ஏப்ரல் 9-ஆம் நாள் சுப்ரீம் கோர்ட் அவர் வெற்றியை நிலைநிறுத்திற்று. விலையுயர்ந்த கைக்கடிகாரங்களைக் குவித்து வைத்திருப்பவர் சொல்லத்தான் வேண்டும்; எளிய கடிகாரம் ஒன்றைச் சொல்லாவிடில் குற்றமில்லை. வேட்பாளருக்கும் அந்தரங்கம் உண்டு என்பதே தீர்ப்பின் சாரம்.

அரசாங்க ஊழியராகிய நாம் எக்கட்சிக்கும் பரிந்து பேச வரவில்லை. ஆட்சிப் பொறுப்பை விழைபவர் தம் வீட்டுக் கதவைச் சற்றே திறக்கிறார். அதன் வழியே நாம் பார்க்க வேண்டியது வழக்கையும் சொத்தையும் கடனையும். வம்புக்குரிய செய்திகளை அன்று. திறந்த கதவைப் பாராமலே செல்வதும் பிழையே. அதிகாரி ஆராயாததை ஆராயவேண்டியவர் வாக்காளரே அன்றோ? அடுத்த தேர்தலில் மொழி தெரிந்தவர் தெரியாதவருக்கு அதனைப் படித்துக் காட்டுவாராக. அயலூரில் நாம் ஒருவருக்கொருவர் செய்யக்கூடிய நல்லுதவி அது.