பம்புசெட் மின்சாரமும் வாக்குச்சீட்டும்

தமிழ்நாட்டு விவசாயப் பம்புசெட்டுகளுக்குக் கிடைக்கும் இலவச மின்சாரம் நெடிய போராட்டத்தின் விளைவு. 1970இல் கோவை வட்டார விவசாயிகள் மின்கட்டண உயர்வை எதிர்த்துத் திரண்டார்கள். பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூடு உயிர்களைப் பறித்தது. அதை மறந்துவிட்டு இலவச மின்சாரத்தை வெறும் சலுகை என்பது நியாயமல்ல. 1972இல் விவசாயிகள் சங்கத்தைச் சேர்ந்த நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டிகள் கோவை நகரையே மறித்து நின்றன.

சங்கத்தின் கோரிக்கையைக் கட்சிகள் மெல்லத்தான் ஏற்றன. 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு மின்சாரத்தை இலவசமாக்கியது. 1989 தேர்தலில் வென்ற தி.மு.க. அதை எல்லா விவசாயிகளுக்கும் விரிவாக்கியது.

2003இல் அ.தி.மு.க. அரசு மறுபடியும் கட்டணம் விதித்தது. அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் அதன் கூட்டணி தமிழகத்தின் 39 தொகுதிகளையும் இழந்தது. முடிவுகள் வெளியான சில நாட்களிலேயே அந்தக் கட்டணம் ரத்தானது.