அடைத்த பல் கூசினால்

(ராஜபாளையத்தில் ஆதரவாளர்கள் கூட்டத்தில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



பல்லைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். பேச எத்தனையோ இருந்தாலும், இன்று ஒரே ஒரு காரியத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சொத்தைப் பல்லை அடைத்த பிறகு வருகிற கூச்சம். அதை எவ்வளவு நாள் பொறுக்கலாம், எப்போது பொறுக்கக் கூடாது என்பதே நான் சொல்ல வந்தது.

சில வருஷங்களுக்கு முன் என் கடைவாய்ப் பல் ஒன்றில் சொத்தை விழுந்தது. உடன் பணி செய்யும் மருத்துவர் அதைச் சுத்தம் செய்து அடைத்தார். நான்கு நாள் கழித்துக் குடும்பத்தோடு அய்யனார் கோவிலுக்குப் போயிருந்தோம். நல்ல மழை பெய்திருந்ததால் ஆற்றில் தண்ணீர் ஓடியது. மலையிலிருந்து இறங்கி வருகிற அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி உங்களுக்குத் தெரியும். ஒரு கை அள்ளி வாய் கொப்பளித்தேன். அடைத்த பல்லில் ஊசி ஏற்றியதுபோல் சுள்ளென்று இழுத்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். "ஊருக்கெல்லாம் பல் பார்க்கிறீர்கள், உங்கள் பல்லுக்கே இந்தக் கதியா?" என்று வீட்டில் சிரித்தார்கள்.

பத்து விநாடியில் வலி போய்விட்டது. அதனால் நான் பயப்படவில்லை. இரண்டாம் வாரத்தில் கூச்சம் பாதியாகக் குறைந்தது. மாதம் முடிவதற்குள் மறந்தே போனது. இப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தெரியும்; பொறுத்துக்கொண்டேன். தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்?

பிடுங்கப்பட்ட நல்ல பல்

சத்திரப்பட்டியில் தறி ஓட்டும் ஒரு தாயாருக்கு ஒரு முகாமில் நானே பல் அடைத்தேன். ஒரு வருஷம் கழித்து வேறொரு பல்லுக்காக வந்தார். வாயைத் திறந்து பார்த்தால், நான் அடைத்த பல் இருந்த இடம் காலியாக இருக்கிறது.

"என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன்.

"அடைச்ச மறுநாள்லேருந்து கடிச்சாலே வலி, டாக்டர். பத்து நாள் கஞ்சியா குடிச்சேன். அடைச்சது உனக்குச் சேரலைன்னு எல்லாரும் சொன்னாங்க. போய்ப் பிடுங்கிட்டேன்" என்றார்.

கடிக்கும்போது மட்டும் வலி என்றால், அடைப்பு ஒரு நூல் அளவு உயரமாக இருந்திருக்கும். பெரும்பாலும் காரணம் அதுதான். கரித்தாளைக் கடிக்கச் சொல்லி, கறை படிந்த இடத்தைத் தேய்த்துவிட இரண்டு நிமிஷம் போதும். "என்னிடம் திரும்பி வந்திருக்கலாமே, அம்மா?" என்றேன். "நீங்க வரச் சொல்லலையே" என்றார்.

அது உண்மை. அன்றைக்கு வரிசை நீளமாக நின்றது. அடைத்தேன், அனுப்பினேன். சில நாள் கூசும் என்றும் சொல்லவில்லை. கடித்தால் வலித்தால் வாருங்கள் என்றும் சொல்லவில்லை. குறை அந்தத் தாயாருடையது அல்ல, என்னுடையது. ஊரெல்லாம் காயத்துக்குக் கட்டும் துணியை நெய்கிற கை அது. அவருடைய பல்லை நான் காப்பாற்றித் தரவில்லை.

ஏன் கூசுகிறது?

பல்லின் மேல் எனாமல் என்னும் கெட்டியான ஓடு இருக்கிறது. அதற்கு உணர்ச்சி இல்லை. அதன் அடியில் டென்டின் இருக்கிறது. டென்டினில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள், ஒரு சதுர மில்லிமீட்டர் இடத்திலேயே பல்லாயிரம் இருக்கின்றன. அவற்றில் நீர் நிறைந்திருக்கிறது. அவை பல்லின் நடுவே நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள பல்கூழ் வரை போகின்றன. குளிர்ச்சியோ காற்றோ இனிப்போ பட்டால் அந்த நீர் சட்டென்று அசைகிறது. அந்த அசைவு நரம்பை இழுக்கிறது. இதுவே கூச்சம். 1960களில் சுவீடன் நாட்டுப் பல் மருத்துவர் மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம் செய்த ஆராய்ச்சிகள் இதை விளக்கின. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாயில் பட்டதும் சிலர் முகத்தைச் சுளிப்பதும் இதனால்தான். இனிப்பு அந்தக் குழாய்களின் நீரை வெளியே இழுக்கிறது.

சொத்தையைக் குடையும்போது கருவியின் சூடும் அதிர்வும் பல்கூழைக் கொஞ்சம் புண்படுத்தும். சொத்தை ஆழமாக இருந்தால் இன்னும் அதிகம். பழைய வெள்ளி அடைப்பு உலோகமானதால் குளிரையும் சூட்டையும் சீக்கிரம் உள்ளே கடத்தும். இப்போது அதிகம் போடப்படுகிற பல் நிற அடைப்பு, நீல ஒளியில் இறுகும்போது சிறிது சுருங்கும். சரியாக ஒட்டாவிட்டால் ஓரத்தில் மயிரிழை இடைவெளி விழும். அதன் வழியாகக் கூச்சம் வரும்.

பொறுக்கலாம், எப்படி?

குளிர்ச்சி பட்டால் சுள்ளென்று இழுத்து, சில விநாடியில் அடங்கி, நாளுக்கு நாள் குறைந்து வந்தால் பொறுக்கலாம். பலருக்குச் சில நாளில் போய்விடும். ஆழமான அடைப்பானால் 2 முதல் 4 வாரம் ஆகலாம்.

அதுவரை ஐஸ் தண்ணீரும், கொதிக்கக் கொதிக்கக் காப்பியும் வேண்டாம். வெதுவெதுப்பாகக் குடியுங்கள். மறுபக்கம் மெல்லுங்கள். அந்தப் பல்லைத் துலக்காமல் விட்டுவிடாதீர்கள். மென்மையான பிரஷ்ஷால் மெதுவாகத் துலக்குங்கள். பொட்டாசியம் நைட்ரேட் சேர்ந்த, கூச்சத்துக்கான பற்பசையைக் காலையும் இரவும் உபயோகிக்கலாம். ஒரே நாளில் குணம் தெரியாது. சில வாரம் ஆகும். ஆனால் அடைப்பின் ஓரம் பிளந்திருந்தாலோ அடைப்பு உயரமாக இருந்தாலோ எந்தப் பற்பசையும் அதைச் சரிசெய்யாது.

செய்யக் கூடாதவையும் உண்டு. செங்கல் பொடி, சாம்பல், கரகரப்பான பல்பொடி போட்டுத் தேய்த்தால் எனாமலும் தேயும். மூக்குப்பொடியும் புகையிலையும் அடக்கிக்கொள்வது வலியைவிடப் பெரிய கேட்டைக் கொண்டுவரும். கிராம்புத் தைலத்தை அப்படியே ஊற்றினால் ஈறு வெந்துவிடும். வலி மாத்திரையை விழுங்காமல் பல்லோரம் ஒதுக்கி வைத்து, கன்னம் புண்ணாகி வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எப்போது பொறுக்கக் கூடாது?

கடித்தால் வலி இரண்டு மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் திரும்பிப் போங்கள். குளிர்ச்சியோ சூடோ பட்ட பிறகு அரை நிமிஷத்துக்கு மேல் வலி நின்றால், சூடு பட்டதும் வலி கூடினால், ஒன்றும் படாமலே விண் விண்ணென்று தெறித்தால், இரவில் தூக்கத்தைக் கெடுத்தால், பல்கூழ் கெட்டுவருகிறது என்று அர்த்தம். அப்போது வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்ற முடியும். கூச்சம் நான்கு வாரம் கழித்தும் குறையாவிட்டாலும் காட்ட வேண்டும். அடைப்பை எடுத்து, அடியில் மருந்துப் பூச்சு வைத்து மறுபடி அடைத்தாலே போதும் என்று இருக்கலாம். பல்லில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே போங்கள். வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமானால், இரவானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

மருத்துவரிடம் "பல் வலிக்குது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எது பட்டால் வலிக்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, இரவில் எழுப்புகிறதா, நாளுக்கு நாள் கூடுகிறதா குறைகிறதா என்ற நான்கையும் சொல்லுங்கள். பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிடும். பிடுங்குவது கடைசி வழி. பல்லைப் பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தை நோக்கிச் சாயும், எதிர்ப்பல் இறங்கும், மெல்லுவது கெடும்.

ஒரு வேண்டுகோள்

அந்தத் தாயாரைப் பார்த்த பிறகு நான் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். பல் அடைத்து அனுப்புகிற ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கிறேன். "சில நாள் கூசலாம். கடித்தால் வலித்தால் வாருங்கள். இரவில் வலித்தால் உடனே வாருங்கள்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு உடன் வந்தவரிடம் படித்துக் காட்டுகிறோம்.

உங்கள் சபைகளில் பல் முகாம் நடத்த முன்வருகிறீர்கள். அதற்கு நன்றி. ஆனால் முகாமுக்கு ஒரு தேதி குறிக்கும்போதே, இரண்டு வாரம் கழித்து இன்னொரு தேதியும் குறித்துவிடுங்கள். தறியை நிறுத்திவிட்டு வருகிறவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. பஸ் செலவும் இருக்கிறது. அதனால் அந்த இரண்டாம் நாளை அவர்கள் ஊரிலேயே, வேலை முடிந்த மாலை நேரத்தில் வையுங்கள். அன்றைக்குப் புதிதாக யாருக்கும் அடைக்க வேண்டாம். முன்பு அடைத்தவர்களைக் கூப்பிட்டு, "கடித்துப் பாருங்கள், வலிக்கிறதா?" என்று கேட்டால் போதும்.

எத்தனை பல் அடைத்தோம் என்று நாம் கணக்கு எழுதுகிறோம். அடுத்த வருஷம் அவற்றில் எத்தனை பல் வாயில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுவோம்.