வீடு விழுந்தாலும் குழு விழக் கூடாது

(கூட்டமைப்பின் ஆண்டு விழாப் பொதுக்குழுவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிலநடுக்கத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "மதுரையில ஏது நிலநடுக்கம்? தண்ணி வராததப் பத்திப் பேசச் சொல்லுங்க" என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. முதலில் அதற்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

2002-ல் வெளியான வரைபடத்தில் நம் நாட்டை நான்கு நிலநடுக்க மண்டலங்களாகப் பிரித்தார்கள். சென்னையும் கோயம்புத்தூரும் மூன்றாம் மண்டலம். மதுரை இரண்டாம் மண்டலம், அதாவது ஆபத்து குறைந்த மண்டலம். ஆகவே பயந்து தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் குறைவு என்றால் இல்லை என்று பொருள் இல்லை. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பக்கம் வந்த நடுக்கத்தைத் தென்னாடு முழுக்க உணர்ந்திருக்கிறார்கள். மகாராஷ்டிராவில் லாத்தூர் என்று ஒரு மாவட்டம். அன்றைய வரைபடத்தில் அதுவும் ஆபத்து மிகக் குறைந்த மண்டலத்தில்தான் இருந்தது. அங்கே என்ன நடந்தது என்று பாருங்கள்.

லாத்தூர், 1993

1993 செப்டம்பர் 30, விடியற்காலை நாலு மணிக்குச் சற்று முன். முந்தின இரவுதான் பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து அசந்து தூங்கியிருந்தார்கள். கில்லாரி என்ற ஊரை மையமாக வைத்து நிலம் ஆடியது. ஏறத்தாழ எட்டாயிரம் பேர் இறந்தார்கள். அந்த நடுக்கத்தின் அளவு 6.2. உலகக் கணக்கில் அது அப்படியொன்றும் பெரிய நடுக்கம் இல்லை. அப்படியிருந்தும் ஏன் இத்தனை சாவு? வீடுகளைப் பாருங்கள், புரியும். கனத்த கருங்கல் சுவர், ஒட்டுவதற்கு வெறும் மண் சாந்து, வெயிலும் மழையும் இறங்காமல் இருக்க மேலே கனமாக மண் கொட்டிய கூரை. ஆடியதும் சுவர் பிதுங்கியது, கூரை அப்படியே கீழே இறங்கியது. நிலம் ஆடி யாரும் சாவதில்லை. வீடு விழுந்துதான் சாகிறார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் நாம் கற்க வேண்டிய பாடம். அரசு உலக வங்கிக் கடனோடு ஒரு பெரிய மறுகட்டுமானத் திட்டம் போட்டது. முழுக்க அழிந்த 52 ஊர்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அங்கே பெரும்பாலும் ஒப்பந்தக்காரர்களும் தொண்டு நிறுவனங்களும் வரிசையாக வீடு கட்டிக் கொடுத்தார்கள். வீடு கிடைத்தது. ஆனால் காடு கழனிக்குத் தூரம் கூடிப்போனது. மாடு கட்ட, தானியம் கொட்ட இடம் பற்றவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மற்ற ஊர்களில் முறை வேறு. அரசு பணம் தரும், சொந்தக்காரரே தன் வீட்டைப் பழுது பார்த்துப் பலப்படுத்திக்கொள்ள வேண்டும்.

பணம் வந்தது. ஆனால் எந்தத் தவணைக்கு என்ன வேலை முடிந்திருக்க வேண்டும், கம்பி எங்கே போட வேண்டும், யாரிடம் கேட்பது, எதுவும் ஊரில் யாருக்கும் தெரியவில்லை. அங்கேதான் பெண்கள் வந்தார்கள். பிரேமா கோபாலன் என்ற அம்மையார் நடத்திய சுயம் சிக்ஷண் பிரயோக் அமைப்பு, ஊர் ஊராகப் பெண்கள் குழுக்களிலிருந்து 'சம்வாத் சகாயக்' என்று ஆள் எடுத்தது. ஊருக்கும் அரசுக்கும் இடையே தகவல் சொல்லும் உதவியாளர் என்று பொருள். விட்டத்துக்கும் சுவர் மூலைக்கும் பெயர் தெரியாமல் இருந்த பெண்கள், கொத்தனாரிடம் "இங்க ஏன் கம்பி போடல?" என்று கேட்கும் அளவுக்கு வந்தார்கள். வீட்டு வேலை முடிந்த பிறகும் அவர்கள் கலைந்து போகவில்லை. சேமிப்புக் குழுக்களாக மாறினார்கள். நாம் சேமிப்பில் தொடங்கிப் பிற வேலைகளுக்கு வந்தோம். அவர்கள் வீட்டில் தொடங்கிச் சேமிப்புக்கு வந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

குஜராத், 2001

2001 ஜனவரி 26, குடியரசு நாள், காலை 8.46. கட்ச் மாவட்டத்தில் 7.7 அளவுக்கு நிலம் ஆடியது. 13,800 பேருக்கு மேல் இறந்தார்கள். அஞ்சார் என்ற ஊரில் கொடியேற்று விழாவுக்காகக் குறுகலான தெருவில் ஊர்வலம் போன பள்ளிக்கூடப் பிள்ளைகள் நூற்றுக்கும் மேல், இரண்டு பக்கத்து வீடுகளும் சரிந்ததில் மாண்டு போனார்கள். பூஜ் நகரத்தின் பழைய கோட்டைப் பகுதி முழுக்கச் சந்து பொந்து. இடிபாடு தெருவை அடைத்தது. உள்ளே வண்டி போக முடியவில்லை.

இதைக் கேட்கும்போது நம் மாசி வீதிகளுக்கு உள்ளே இருக்கும் சந்துகள் உங்களுக்கு நினைவு வருகிறதா? அரை சென்ட் இடத்தில் மேலே மேலே எழுப்பிய மாடிகள், மரக்கட்டை பாவிய பழைய காரை வீடுகள் நினைவு வருகிறதா? நடுக்கம் மையம் கொண்ட இடத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது அகமதாபாத். அங்கேயும் அடுக்குமாடிகள் சரிந்தன. வண்டி நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தில் தூண்களை மட்டும் வைத்துவிட்டு, மேலே சுவர் எழுப்பிய கட்டடங்கள் பல அதில் உண்டு. நம் ஊரிலும் அப்படிக் கட்டுகிறார்கள். வாடகைக்குப் போகும் முன் அண்ணாந்து பாருங்கள். குனிந்தும் பாருங்கள்.

லாத்தூரில் கற்றதைக் குஜராத்தில் மாற்றிச் செய்தார்கள். நடுக்கம் வந்து இரண்டு வாரத்துக்குள், பிப்ரவரி 8-ஆம் தேதியே, மறுகட்டுமானத்துக்கென்று தனி ஆணையம் அமைத்தார்கள். வீட்டை அரசு கட்டித் தரவில்லை. சொந்தக்காரரே கட்ட வேண்டும், பணம் வங்கிக் கணக்கில் தவணை தவணையாக வரும், பொறியாளர் பார்த்துச் சரி என்றால்தான் அடுத்த தவணை. கொத்தனார்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கட்சில் தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து 'சேது' என்ற பெயரில் தகவல் மையங்கள் வைத்தன. சேது என்றால் பாலம். யாருக்கு என்ன உரிமை, எந்தத் தாள் வேண்டும் என்று ஊர் மக்களுக்குச் சொல்வதும், ஊரில் நடப்பதை அரசுக்குச் சொல்வதும் அவற்றின் வேலை. லாத்தூர்ப் பெண்கள் குஜராத்துக்கே போய், "நாங்க இப்படித்தான் எழுந்தோம்" என்று அந்தப் பெண்களிடம் சொன்னார்கள். பாதிக்கப்பட்டவள் சொல்லும் ஆறுதலுக்கு ஈடு எதுவும் இல்லை.

நம் கரைக்கு வந்தது

நமக்கு நிலநடுக்கம் தண்ணீராக வந்தது. 2004 டிசம்பர் 26-ல் சுமத்ரா அருகே கடலுக்கு அடியில் ஆடியது. நம் மாநிலத்தில் மட்டும் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் போனார்கள். நாகப்பட்டினம் மாவட்டம்தான் அதிகம் இழந்தது. அங்கே ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள். மீன் வாங்கக் கரையில் நின்றவர்கள், பிள்ளையை விட்டு ஓட மனம் வராதவர்கள், நீச்சல் தெரியாதவர்கள், சேலை காலில் சிக்கியவர்கள். பேரிடர் ஆண், பெண் பார்த்து வருவதில்லை. ஆனால் நாம் வாழும் விதம் அதற்குப் பெண்ணைக் காட்டிக் கொடுக்கிறது.

ஒரு நல்லதும் நடந்தது. சுனாமி வீடுகளைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. அந்த ஒரு வரியால் எத்தனை பெண்களின் காலடியில் நிலம் நின்றது என்று எண்ணிப் பாருங்கள். நேபாளத்தில் 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு, நிலத்துக்குத் தன் பெயரில் தாள் இல்லாத பல பெண்கள் வீட்டு உதவித்தொகைக்கு அலைந்தார்கள்.

அரசு ஏணியின் கடைசிப் படி

குஜராத் நடுக்கம் வந்தபோது மத்திய அரசில் பேரிடர் என்பது வேளாண்மை அமைச்சகத்தின் வேலை. வறட்சியைப் போலத்தான் எல்லாவற்றையும் பார்த்தார்கள். வந்த பிறகு நிவாரணம் கொடுப்பார்கள். பிறகு அது உள்துறைக்கு மாறியது. சுனாமிக்கு மறு ஆண்டு, 2005-ல், பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன்படி தேசிய ஆணையத்துக்குப் பிரதமர் தலைவர், மாநில ஆணையத்துக்கு முதலமைச்சர் தலைவர், மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர். 2025-ல் வந்த திருத்தம், மாநகராட்சி உள்ள பெரிய நகரங்களுக்குத் தனி ஆணையம் அமைக்க இடம் கொடுத்திருக்கிறது. அதற்கு மாநகராட்சி ஆணையர் தலைவர்.

ஏணி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேல்படியிலிருந்து பார்த்தால் எந்தச் சந்தில் எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார் என்று தெரியாது. அது உங்களுக்குத் தெரியும். 2024 அக்டோபரில் ஒரே நாள் மழையில் செல்லூர்ப் பக்கம் தெருக்களில் தண்ணீர் நின்றது நினைவிருக்கிறது அல்லவா? எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி என்பது தெருவில் இருக்கும் பெண்ணுக்குத்தான் தெரியும். கடைசிப் படி நாம்தான். நாம் இல்லையென்றால் ஏணி அந்தரத்தில் தொங்கும்.

நிவாரணத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மாநிலப் பேரிடர் நிதி விதிப்படி ஒரு உயிருக்கு 4 லட்சம் ரூபாய். சமவெளியில் முழுக்க இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். மாநில அரசு கூடவும் கொடுக்கலாம். இன்றைய கம்பி, சிமென்ட் விலையில் அந்தப் பணம் எதுவரை வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மீதியை எங்கே புரட்டுவீர்கள்? குழுவில்தான். குழு அன்றைக்கு நிற்க வேண்டுமே!

இன்று முடிவெடுக்க வேண்டியவை

ஆகவே ஐந்து காரியங்களைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

1. தாள். ரேஷன் அட்டை, ஆதார், பட்டா, பத்திரம், வங்கிப் புத்தகம் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறவினர் வீட்டிலோ வேறு ஊரிலோ கொடுத்து வையுங்கள். குழுவின் தீர்மானப் புத்தகத்தையும் பேரேட்டையும் மாதம் ஒருமுறை கைபேசியில் படம் பிடித்துக் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். புத்தகம் நனைந்தால் கடன் யாருக்கு, சேமிப்பு யாருக்கு என்று அடித்துக்கொள்ளக் கூடாது.

2. பெயர். வீட்டில் உங்கள் பெயரும் இருக்கட்டும். 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. வீட்டுக்காரரிடம் சண்டை போட வேண்டாம். இந்தச் சலுகையைச் சொல்லியே பேச்சை ஆரம்பியுங்கள்.

3. காப்பீடு. ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு, 436 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு, இரண்டும் வங்கியிலேயே உண்டு. சேர்ந்துவிட்டோம் என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பார்கள். மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இல்லையென்றால் காப்பீடு நின்றுபோகும். ஜூன் மாதக் கூட்டத்தில் ஒவ்வொருவர் பாஸ்புக்கிலும் பிடித்தம் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

4. இடர் நிதி. ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகளில் நலிவு நிலைக் குறைப்பு நிதி இருக்கிறது. அதுபோல ஒவ்வொரு குழுவும் மாதம் தலைக்குப் பத்து ரூபாய் தனியாக ஒதுக்க வேண்டும் என்று கேட்கிறேன். "வட்டி கட்டவே திணறுறோம், இதுல பத்து ரூபாயா?" என்று முணுமுணுப்பது காதில் விழுகிறது. பன்னிரண்டு பேர் குழுவில் ஆண்டுக்கு 1,440 ரூபாய்தான். வீடு கட்டக் காணாது. ஆனால் முதல் மூன்று நாள் பாலுக்கும் அரிசிக்கும் கந்துவட்டிக்காரர் வாசலுக்குப் போகாமல் இருக்கக் காணும். அந்த முதல் மூன்று நாளில் வாங்கும் கடன்தான் மூன்று வருஷம் துரத்தும். கடன் தவணையும் அப்படித்தான். பேரிடர் வந்தால் தவணையைத் தள்ளிவைக்கவும் மாற்றி அமைக்கவும் வங்கிகளுக்கு வழிமுறை உண்டு. ஆனால் தனியாகப் போய்க் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். கூட்டமைப்பு எழுத்தில் கேட்க வேண்டும்.

5. பட்டியல். ஒவ்வொரு குழுவும் தன் தெருவின் பட்டியலை ஒரே தாளில் எழுத வேண்டும். தனியாக இருக்கும் முதியவர், மாற்றுத் திறனாளி, கர்ப்பிணி, கைக்குழந்தை, இற்றுப்போன வீடு, கூடுவதற்கு வெட்டவெளி எது. ஒரு நகல் கிராம நிர்வாக அலுவலரிடம், ஒன்று வார்டு அலுவலகத்தில், ஒன்று நம்மிடம். அதே தாளில் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்துக்கு 1070 என்று எழுதி வையுங்கள்.

நிலம் ஆடினால் என்ன செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். வீட்டுக்குள் இருந்தால் மாடிப்படியில் முட்டி மோதி ஓடக் கூடாது. கெட்டியான மேசைக்கு அடியில் குனிந்து, தலையைக் கையால் மூடி, மேசைக் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் நின்ற பிறகு கேஸ் சிலிண்டரை மூடி, மெயின் சுவிட்சை அணைத்து, வெட்டவெளிக்கு வர வேண்டும். வெளியே இருந்தால் சுவரையும் மின்கம்பத்தையும் விட்டு விலகி நிற்க வேண்டும். பீரோவையும் பரணில் இருக்கும் பித்தளை அண்டாவையும் தூங்கும் இடத்துக்கு மேலே, தலைமாட்டில் வைக்காதீர்கள்.

மதுரையில் நிலநடுக்கம் வராமலே போகட்டும். வெள்ளம் வரும், தீ வரும், வறட்சி நிச்சயம் வரும். இந்த ஐந்தும் எல்லாவற்றுக்கும் பொருந்தும். செலவான காசு எதுவும் வீண் போகாது.

இடர் நிதித் தீர்மானம் இன்று மதியம் பொதுக்குழுவில் வருகிறது. பத்து ரூபாய் அதிகம் என்றால் ஐந்து ரூபாய் என்று திருத்தம் கொடுங்கள். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போகாதீர்கள்.