கம்பஸ் கிடைத்தால் காணுமா?

(சங்கத்தின் பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் ஏ.எல். வரைக்கும்தான் படித்தவன். இப்ப தொழிற்சாலையில் வேலை. "கம்பஸ் வாசலே மிதிக்காதவன் அதைப்பற்றி என்னத்தைக் கதைக்கப் போறான்?" என்று நீங்கள் நினைக்கலாம். இந்த மண்டபத்தில் இருக்கிற தாய் தகப்பன்மாரில் கனபேர் என்னைப் போலத்தான். அதனால்தான் கதைக்க வந்தனான்.

ஊரில் பல்கலைக்கழகப் படிப்பு இலவசம், ஆனால் வாசல் ஒடுக்கம். இசட் புள்ளி, மாவட்டக் கோட்டா எல்லாம் தாண்டிப் பிள்ளை உள்ளே போய்விட்டால், "இனிப் பயமில்லை" என்று வீடு நிம்மதியாக இருக்கும். அதே நினைப்போடு இங்கிலாந்திலும் இருக்கிறோம். இங்கே வாசல் அகலம். உள்ளே போன பிறகுதான் பாரம் தொடங்குகிறது.

முதலாவது காசு. 1998இல் வருடத்துக்கு 1,000 பவுண் வரை என்று தொடங்கிய கட்டணம் 2012இல் 9,000 ஆகி, 2025இல் 9,535 பவுணுக்கு வந்துவிட்டது. அதைக் கடனாக எடுத்தாலும் வாடகை, சாப்பாடு வேறு. பின்னேரம் கடையில் நின்றுவிட்டு இரவில் ஒப்படை எழுதுகிற பிள்ளைகள் எங்கள் வீடுகளிலேயே இருக்கினம்.

இரண்டாவது படிப்பிக்கிற முறை. பெரிய மண்டபத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இருந்தால், பின்வாங்கில் ஒருவன் வராமல் விட்டது யாருக்குத் தெரியும்? ஒப்படையில் எங்கே பிழை என்று ஒருவர் விளங்கப்படுத்தாமல் வெறும் புள்ளி மட்டும் வந்தால், பிள்ளை "நான் மொக்கன்" என்றுதான் நினைக்கும்.

2018 ஏப்ரலில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்த 20 வயதுப் பிள்ளை ஒன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டது. ஆட்களுக்கு முன்னால் பேசக் கடும் பயம் உள்ள பிள்ளை. ஆனால் ஆய்வுகூட வேலைக்கு வாய்மூலமாகவும் புள்ளி போட்டார்கள். பரீட்சிக்கிற முறையை அந்தப் பிள்ளைக்கு ஏற்றபடி மாற்றியிருக்க வேண்டும் என்று 2022இல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பல்கலைக்கழகம் மேன்முறையீடு செய்தும் 2024இல் மேல் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. கெட்டிக்காரப் பிள்ளையையும் படிப்பிக்கிற முறை உடைக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மூன்றாவது பாரம் நாங்கள். என்னோடு வேலை செய்யிற ஒரு அக்காவின் மகன் ரெலிபோனில் எப்பவும் "ஓம் அம்மா, எல்லாம் நல்லாப் போகுது" என்றுதான் சொல்லுவான். நத்தார் லீவுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, ஒக்டோபரிலிருந்து வகுப்புக்கே போகவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்கள் இரவு வேலைக்குப் போறதே எனக்காகத்தானே, எப்பிடிச் சொல்லுறது?" என்றானாம். அக்காவுக்கு வாய் திறக்க முடியவில்லை. ஒரு வருடம் படிப்பை நிறுத்தி, வைத்தியரிடம் காட்டி, வேறு பாடத்துக்கு மாறி இப்ப படிக்கிறான். "ஒரு வருசம் போனால் என்ன, பிள்ளை இருக்கிறானே" என்கிறா அக்கா.

தாய்மாரே, தகப்பன்மாரே, புள்ளியைக் கேட்கமுதல் "நித்திரை கொண்டியா? சாப்பிட்டியா? கதைக்க ஆள் இருக்கா?" என்று கேளுங்கள். ஒப்படைக்குத் தவணை கேட்கலாம், படிப்பை இடைநிறுத்தலாம், பாடம் மாறலாம். எல்லாவற்றுக்கும் வழி உண்டு. மனவருத்தம் நீண்டகாலம் இருந்தால் அதற்கென்று அரச உதவிப்பணமும் உண்டு. ஆலோசகரிடம் போவது விசருக்கு மருந்தெடுப்பதல்ல. "ஆட்கள் என்ன கதைப்பினம்" என்ற பயத்தை விடுங்கள். கதைக்கிற ஆட்கள் உங்கள் பிள்ளைக்குக் காவல் இருக்கப் போவதில்லை.

தம்பி தங்கையரே, ஏலாது என்றால் ஏலாது என்று சொல்லுங்கோ. இரவிலும் பகலிலும் 116 123 என்ற இலக்கத்துக்கு இலவசமாகக் கதைக்கலாம். வீட்டிலும் சொல்லுங்கோ. உங்களை உயிரோடு பார்க்கத்தான் நாங்கள் கடல் தாண்டி வந்தனாங்கள், பட்டத்துக்காக அல்ல.