ஆமை கற்ற சொல்



இலக்கிய மேடையில் எந்திரனைப் பற்றிப் பேசுவதா என்று நண்பர் ஒருவர் வினவினார். எந்திரனை இயக்குவதும் சொல்தான். சொல் நம் துறையன்றோ?

எந்திரனுக்கு ஆணையிடப் பொறியியல் கற்றிருக்க வேண்டும் என்ற எண்ணத்தை அசைத்த முயற்சிகளுள் 'லோகோ' முதன்மையானது. 1967இல் அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்தில் வாலி ஃபியூர்சைக், சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் உள்ளிட்டோர் குழந்தைகளுக்கென அக்கணினிமொழியை உருவாக்கினர். (பேப்பர்ட்டை நினைவுகூர்வோர் பலர் சிந்தியாவை மறந்துவிடுகின்றனர், இது நமக்கும் புதிதன்று.) கிரேக்கத்தில் 'லோகோஸ்' என்றால் சொல். பின்னர்த் தரையில் ஊரும் 'ஆமை' வந்தது. கணினியோடு கம்பியால் பிணைக்கப்பட்டு, வயிற்றில் பேனா தாங்கிய சிறு எந்திரன் அது. நூறு அடி வைத்து முன்செல், தொண்ணூறு பாகை வலப்புறம் திரும்பு என நான்கு முறை ஏவினால் சதுரம் வரையும். ஐயுறும் குழந்தை தானே எழுந்து நடந்து பார்க்கலாம்; அந்த அறிவு போதும்.

என்னை ஈர்த்தது வேறொன்று. வெறுமனே 'சதுரம்' என்று ஏவினால், அது எப்படியெனத் தெரியாது என்று கணினி விடையிறுக்கும். குழந்தை கற்பித்த பின்னரோ அது அம்மொழியின் சொல்லாகிவிடும். அதை வைத்து அடுத்த சொல்லை ஆக்கலாம்.

பேப்பர்ட் 1980இல் வெளியிட்ட 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலில் ஒரு வீடு வருகிறது. சதுரத்தையும் முக்கோணத்தையும் அடுத்தடுத்து ஏவினால், கூரை சுவரின் மேல் அமராமல் வீட்டுக்குள் விழுந்துவிடுகிறது. அதை அடித்துவிட வேண்டியதில்லை. ஆமை எவ்விடத்தில், எத்திசை நோக்கி நின்றது என்று தேடினால் போதும். பல்லாண்டுகளாகச் சிவப்பு மையால் விடைத்தாள் திருத்தி வரும் எனக்கு அப்பக்கங்கள் சற்றே கூச்சம் தந்தன.

2007இல் வெளிவந்த 'ஸ்கிராட்ச்' கட்டளைகளைக் கட்டைகளாகக் கோக்கும் எளிமையைத் தந்தது. ஆயினும் கட்டையின் மேல் எழுதப்படும் சொல் எவருடையது என்ற வினா எஞ்சுகிறது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' நிரல்மொழியில் நிபந்தனை முன்னும் 'ஆனால்' பின்னுமாக நிற்கின்றன. ஆங்கிலத்திலோ 'இஃப்' முன்னே வரும். நம் தொடரமைதியைக் காத்த செயல் அது.

'ரைட்' என்ற ஆணைக்கு 'வலப்புறம் திரும்பு' என்று எழுதிப் பார்த்தேன். ஏழு வயதுக் குழந்தைக்கு அது நீளம். 'வலம்' என்று சுருக்கினால் ஆமை பிரகாரத்தைச் சுற்றப் புறப்பட்டுவிடும்! கவிஞர்களே, இன்றைய அமர்வு முடியுமுன் ஒரு நல்ல சொல் தாருங்கள். எழுதிக்கொள்ளத் தாளோடு முன்வரிசையில் அமர்ந்திருப்பேன்.