பொங்கல் நாட்களில் உடலைப் பேணுதல்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மார்கழிக் கடைசியில் கூட்டம் வைத்தால் எவரும் வரமாட்டார்கள் என்று நண்பர்கள் எச்சரித்தனர். வயலில் சம்பா தலைசாய்த்து நிற்கிறது. வீட்டில் ஒட்டடை அடிப்பதும் சுண்ணாம்பு பூசுவதும் நடைபெறுகின்றன. வெளியூரிலுள்ள பிள்ளைகள் எந்தப் பேருந்தில் வருகிறார்கள் என்ற விசாரணை வேறு. இவ்வளவு அலுவல்களுக்கிடையே நீங்கள் வந்திருப்பதால், உங்களுடைய அந்த அலுவல்களைப் பற்றியே பேசலாம் என்று எண்ணுகிறோம். பொங்கலைச் சிறப்புறக் கொண்டாட வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அதை நமக்குக் கொண்டாடித் தருகின்றவர்கள் அந்நாட்களில் உண்கிறார்களா, உறங்குகிறார்களா என்று நாம் கேட்பதில்லை.

முதலில் ஆண்களின் நிலையைப் பார்ப்போம். காவிரிப் பாசனப் பகுதியில் நீண்டகாலச் சம்பா நெல் தை மாதத்தையொட்டித்தான் அறுவடைக்கு வருகிறது. அறுவடை இயந்திரத்தின் முறை நமக்கு எப்போது வாய்க்குமென்று சொல்வதற்கில்லை. பனி உலர்ந்த பின்னர்தான் அது வயலில் இறங்கும். ஒரு நாள் தவறினால் அடுத்த ஊருக்குப் போய்விடும். நெல் களத்திற்கு வந்த பின்னரும் கவலை நீங்குவதில்லை. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் பொதுவாக 17 விழுக்காடு ஈரப்பதம் வரைதான் ஏற்றுக்கொள்வார்கள். மழை மிகுந்த சில ஆண்டுகளில் தளர்வு அளிக்கப்பட்டதும் உண்டு. ஆகவே பகலில் கொட்டிக் காயவைப்பதும், மாலையில் குவித்துத் தார்ப்பாயால் மூடுவதும், இரவெல்லாம் காவலிருப்பதுமாக நாட்கள் கழிகின்றன. பொங்கலன்று பானை பொங்கும் வேளையில் வீட்டுத் தலைவர் நெற்குவியலின் அருகே பனியில் சாய்ந்து கிடந்த ஆண்டுகளை நாம் அறிவோம். வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேர உறக்கமாவது வேண்டும். அதில் பாதியைக்கூடப் பெறாதவர் நெல் மூட்டை ஏற்றிய வண்டியை ஓட்டிச் செல்வது தமக்கும் எதிரில் வருவோருக்கும் ஆபத்து. அண்ணன் தம்பிகளும் அக்கம்பக்கத்தாரும் முறைவைத்துக் காவலிருந்தால், ஒவ்வொருவருக்கும் ஓரிரவு விட்டு ஓரிரவேனும் முழு உறக்கம் கிட்டும். களங்கள் அடுத்தடுத்து இருக்கும் ஊர்களில் இது எளிதில் ஆகக்கூடிய காரியம்.

உறக்கத்தைப் பற்றிப் பேசும்போது ஒலிபெருக்கியைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவேண்டியிருக்கிறது. பக்தியை நாம் குறை கூறவில்லை. எனினும் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கலாகாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதி. பண்டிகைகளுக்காக ஆண்டில் பதினைந்து நாட்களுக்கு மேற்படாமல் மாநில அரசு தளர்வு அளிக்கலாமெனினும், அதுவும் நள்ளிரவு வரைதான். மார்கழி முழுதும் விடியற்காலை நான்கரை மணிக்கு ஊரையே எழுப்பும் வழக்கம் அவ்விதியில் அடங்காது. கைக்குழந்தை உள்ள வீட்டையும் நோயாளி உள்ள வீட்டையும் நினைத்து, ஊராட்சித் தலைவர் கோயில் பெரியவர்களிடம் நயமாக எடுத்துரைத்தால் கேட்காமல் இருக்கமாட்டார்கள்.

இனிப் பெண்களின் நிலை. 2019ஆம் ஆண்டில் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் ஓர் ஆய்வு நடத்தி, மக்கள் தம் பொழுதை எவ்வாறு செலவிடுகிறார்கள் என்று கணக்கிட்டது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்களில் வீட்டு வேலையில் கைவைப்பவரே நூற்றுக்கு 26 பேர்தான். அவர்களும் 97 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இது சாதாரண நாட்களின் சராசரி. போகிக்கு முதல் நாள் பரண் இறக்கி, பாத்திரமெல்லாம் துலக்கி, நால்வருக்குச் சமைத்த அடுப்பில் பன்னிருவருக்குச் சமைக்கின்ற வாரத்தின் கணக்கை எவரும் எடுத்ததாகத் தெரியவில்லை. எடுத்தால் நாம் வெட்கப்பட நேரிடும்.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை இங்குக் கூறுவது முறையா என்று தயங்கினோம். இல்லத்தரசியாரே, “சொல்லுங்கள், நாலு பேருக்குப் பயன்படட்டும்” என்று அனுமதி அளித்தார்.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பொங்கல் நாள். அவருக்கு நீரிழிவு கண்டு அப்போது இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. அன்று மூன்றரை மணிக்கே எழுந்து வாசல் தெளித்துக் கோலமிட்டு, தலைமுழுகி, வழக்கப்படி காலை மாத்திரையையும் மறவாமல் விழுங்கிவிட்டார். உணவு மட்டும் உட்கொள்ளவில்லை. சூரியனுக்குப் படைக்குமுன் உண்ணலாகாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். பஞ்சாங்கத்தில் பானை வைக்கக் குறித்திருந்த நேரமோ பத்து மணிக்கு மேல். எட்டரை மணியளவில் அவர், “கண்ணை இருட்டுகிறதே, ஒரு வாய் கஞ்சி குடிக்கட்டுமா?” என்று கேட்டார். “இன்னும் சிறிது நேரந்தானே, பொறு” என்று சொன்னவர்கள் நாங்களே. வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி, கரும்பு சார்த்தியிருந்த முற்றத்திலேயே சாய்ந்தார். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றார் ஒருவர்; கண்ணேறு என்றார் மற்றொருவர். அடுத்த வீட்டிற்கு விடுமுறையில் வந்திருந்த செவிலிய மாணவி ஓடிவந்து பார்த்து, “அத்தைக்கு நினைவு இருக்கிறது, சர்க்கரையைக் கரைத்துக் கொடுங்கள்” என்றாள். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அடுப்பருகே இரண்டு கிலோ வெல்லம் தட்டி வைத்திருந்த வீட்டில், சர்க்கரை குறைந்து ஒருவர் விழுந்தார் என்பதை எண்ணினால் இன்றும் எங்களுக்கு வேதனையாக இருக்கிறது.

இதன் காரணம் எளிது. நீரிழிவு மாத்திரைகளில் சில வகையும், இன்சுலின் ஊசியும், உணவு உட்சென்றாலும் செல்லாவிட்டாலும் இரத்தத்திலுள்ள சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே போகும். வெறும் வயிறும் கடும் உழைப்பும் சேர்ந்தால் அது அபாய அளவிற்கு இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, பேச்சில் தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். நினைவு இருந்து விழுங்க முடிந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி கழித்தும் தெளியாவிடில் மீண்டும் கொடுத்து, தெளிந்தபின் உணவளிக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றலாகாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108க்கு அழைக்க வேண்டும். இதைக் கேட்டுவிட்டு மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவதும் தவறு. விரதம் இருக்க விரும்புவோர் முன்கூட்டியே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேட்டு, வேளையையும் அளவையும் மாற்றிக்கொள்வதே முறை.

மறு ஆண்டு எங்கள் வீட்டில் இந்த வழக்கத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தது. எண்பது வயது கடந்த எங்கள் அன்னையார்தான் தீர்ப்புச் சொன்னார்: “சூரியன் தினம் வருகிறவன். இரண்டு இட்டிலிக்காக அவன் கோபித்துக்கொள்ளமாட்டான்.” அன்று முதல் மாத்திரையோடு இட்டிலியும் உண்டு. வேலைகளையும் பங்கிட்டோம். தண்ணீர் சுமப்பதும், தேங்காய் துருவுவதும், உண்ட பாத்திரங்களைத் துலக்குவதும் ஆண்கள் பொறுப்பாயின. முதலாண்டு நாங்கள் கிணற்றடியில் பாத்திரம் துலக்கியதைத் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. இப்போது எவரும் பார்ப்பதில்லை. அந்தத் தெருவில் இன்னும் மூன்று வீடுகளில் அவ்விதமே நடக்கிறது.

மாட்டுப் பொங்கலன்று உழவு மாட்டின் கழுத்தில் நுகத்தடி வைக்கமாட்டோம். குளிப்பாட்டி, கொம்பிற்கு வண்ணம் தீட்டி, பொங்கல் ஊட்டுகிறோம். மாடில்லாத வீடுகளில் டிராக்டருக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, அதற்கும் அன்று ஓய்வளிக்கிறோம். அதே நாளில் வீட்டுப் பெண்களுக்கு மட்டும் மூன்று வேளை அடுப்படி. அன்றொரு வேளையேனும் ஆண்கள் சமைத்தால் என்ன? உப்புக் கூடலாம், குறையலாம், பொறுத்துக்கொள்வார்கள்.

குடியைப் பற்றி நீட்டிப் பேச விரும்பவில்லை. திருவள்ளுவர் நாளன்று மதுக்கடைகள் மூடப்படுகின்றன. முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளும் கெட்டிக்காரர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதும், அதற்கான பணம் எந்தச் செலவைக் குறைத்து வந்தது என்பதும் அவரவர் வீட்டாருக்குத் தெரியும். பண்டிகை முடிந்தபின் கடன் நெருக்கியோ, களையிழந்தோ மனம் சோர்ந்திருப்பவர்கள் 14416 என்ற தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம். 2022 முதல் இலவசமாக நடைபெறும் ஏற்பாடு இது. எண்ணை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிவைத்தால், கேட்கக் கூச்சப்படுகிறவரும் பார்த்துக்கொள்வார்.

உறுப்பினர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றிரண்டுதான். 2021ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்படி நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்து வீட்டிற்கே வருகிறது. ஆயினும் விடுமுறை நாட்கள் தொடர்ந்து வரும்போது கையிருப்பு தீர்ந்து, “பொங்கல் கழியட்டும்” என்று நான்கைந்து நாள் மருந்தின்றி இருந்துவிடுகிறார்கள். இந்த வாரமே உங்கள் வார்டில் வீடுவீடாகச் சென்று, தை பத்தாம் நாள் வரைக்குமான மாத்திரை இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாதவர் பெயரைக் குறித்துப் போகிக்கு முன்பே சுகாதாரத் தன்னார்வலரிடம் சேர்ப்பித்துவிடுங்கள். போகியன்று டயரும் பிளாஸ்டிக்கும் கொளுத்தாமல் தடுப்பதும் உங்கள் கையில் இருக்கிறது. அப்புகையால் ஆஸ்துமாக்காரர்கள் படும் பாடு நீங்கள் அறியாததன்று.

ஜனவரி 26 அன்று கிராம சபை கூடும். சென்ற முறை எங்கள் ஊரில் வந்திருந்த பெண்கள் மிகச் சிலரே. காலை வேலை முடியாத நேரத்தில் கூட்டம் வைத்தோம் என்று பின்னர் சொன்னார்கள். இம்முறை எந்த நேரம் தோதுப்படும் என்று மகளிர் குழுவினரைக் கேட்டு, அவர்கள் சொல்லும் நேரத்தையே தலைவரிடம் தெரிவிக்க எண்ணியிருக்கிறோம்.  வெளியே சுக்கு நீர் வைத்திருக்கிறார்கள், அருந்திவிட்டுப் புறப்படுங்கள்.