கடைச் சாவி உங்களிடம். கணக்குச் சாவி யாரிடம்?

(திண்டுக்கல் வட்டாரச் சிறுதொழில் செய்பவர்களும், இணைய விளம்பரப் பணியில் உள்ள இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)





பூட்டு பற்றிச் சொல்லித்தர திண்டுக்கல்லுக்கு வெளியிலிருந்து யாரும் வரத் தேவையில்லை. மாங்கா பூட்டை எடுத்துக் கையில் வைத்தாலே எடை பேசும். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் கிடைத்தது. சிறுமலை, விருப்பாச்சி மலைவாழைகளுக்கு அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. ஒரே மாவட்டத்துக்கு இத்தனை பெயர் இருக்கு. ஆனா, கோயம்புத்தூர்ல ஒருத்தர் இன்னைக்கு ராத்திரி போனை எடுத்து 'திண்டுக்கல் பூட்டு' என்று தேடினால், உங்க கடை வருதா? வந்தால், அதில் இருக்கும் நம்பர் உங்க நம்பரா?

இந்த இரண்டாவது கேள்வியைத்தான் நாம் அதிகம் கேட்பதில்லை. இன்றைக்கு நான் பேசப் போவது அதைப் பற்றித்தான்.

இப்படி நினைச்சுப் பாருங்க. நாலு வருஷம் முன்னாடி ஒரு தம்பி வந்து, "அண்ணே, மேப்ல கடையைப் போட்டுத் தர்றேன், பேஸ்புக் பக்கம் ஆரம்பிச்சுத் தர்றேன்" என்கிறார். அவருடைய ஜிமெயில், அவருடைய போன் நம்பர். வேலையும் நல்லாத்தான் நடக்குது. பிறகு அந்தத் தம்பிக்கு ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விடுகிறார். நீங்கள் கடையை அடுத்த தெருவுக்கு மாற்றுகிறீர்கள். மேப் இன்னும் பழைய தெருவையே காட்டுது. வாடிக்கையாளர் வந்து பார்த்தால் வேறு யாரோ டீக்கடை நடத்துகிறார்கள். மாற்றலாம் என்றால் பாஸ்வேர்டு இல்லை. நாலு வருஷமாகச் சேர்ந்த நல்ல ரிவ்யூ எல்லாம் உள்ளே இருக்கு. சாவி மட்டும் இல்லை.

கடையைப் பூட்டிவிட்டுச் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் போவோமா? அதைத்தான் இணையத்தில் பலர் செய்கிறோம்.

ஐந்து சாவிகள்

உங்கள் தொழிலுக்கு இணையத்தில் ஐந்து சாவி உண்டு. ஒவ்வொன்றும் யாரிடம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

முதல் சாவி, மின்னஞ்சல். தொழிலுக்கென்று தனி மின்னஞ்சல் தொடங்குங்கள். அதன் மீட்பு எண்ணாக முதலாளியின் எண்ணைக் கொடுங்கள். மற்ற நாலு சாவியும் இதில்தான் தொங்குது.

இரண்டாவது, கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல். மேப்பில் கடையின் பெயர், நேரம், போன் எண், படங்கள் காட்டும் பகுதி இதுதான். முன்பு கூகுள் மை பிசினஸ் என்றார்கள். 2021-ல் பெயர் மாறியது. இது முழுக்க இலவசம். கடை உண்மையிலேயே இருக்கிறதா என்று உறுதி செய்ய, தெரு, பெயர்ப் பலகை, உள்ளே இருக்கும் பொருள் எல்லாம் தெரியும்படி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள். இதில் 'உரிமையாளர்', 'மேலாளர்' என்று இரண்டு நிலை உண்டு. நீங்கள் உரிமையாளராக இருங்கள். உங்களுக்காக வேலை செய்பவரை மேலாளராகச் சேருங்கள். பாஸ்வேர்டு கொடுக்கவே வேண்டியதில்லை.

ஏற்கெனவே வேறொருவர் கையில் இருந்தால்? மேப்பில் உங்கள் கடையைத் திறந்து, உரிமை கோரும் இணைப்பை அழுத்தி அனுமதி கேளுங்கள். இப்போது வைத்திருப்பவருக்குத் தகவல் போகும். பதில் சொல்ல அவருக்குச் சில நாள் அவகாசம் உண்டு. பதில் வராவிட்டால், நீங்களே உறுதிசெய்து எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கு. இன்னொரு விஷயம்: புதிதாகச் சேர்க்கப்பட்ட உரிமையாளர், பழைய உரிமையாளரை நீக்க ஏழு நாள் காத்திருக்க வேண்டும். எனவே விளம்பர ஆளை மாற்றும்போது கடைசி நாள் வரை தள்ளிப் போடாதீங்க.

மூன்றாவது, வாட்ஸ்அப் பிசினஸ். 2018-ல் வந்த இலவசச் செயலி. பொருட்களின் படமும் விலையும் போட்டு 500 பொருள் வரை கேட்டலாக் வைக்கலாம். அடிக்கடி கேட்கும் கேள்விக்கு விரைவுப் பதில் எழுதி வைக்கலாம். சிம் கார்டு யார் பெயரில் இருக்கு என்று பாருங்கள். செட்டிங்ஸில் இரு படிச் சரிபார்ப்பைப் போட்டு, ஆறு இலக்க எண் வையுங்கள். 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியைத் திறந்து பார்த்து, தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் உடனே வெளியேற்றுங்கள்.

நான்காவது, இணையதளத்தின் டொமைன் பெயர். அது யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகி இருக்கு, எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். புதுப்பிக்காமல் விட்டால் அந்தப் பெயரை வேறொருவர் வாங்கிவிடலாம்.

ஐந்தாவது, பேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கமும் விளம்பரக் கணக்கும். மெட்டாவின் பிசினஸ் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். ஏஜென்சியைக் கூட்டாளியாகச் சேர்த்து, தேவையான அனுமதியை மட்டும் கொடுங்கள். எந்த விளம்பரத்துக்கு எவ்வளவு செலவானது என்ற கணக்கு அப்போதுதான் உங்களிடம் தங்கும்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை

இந்தத் துறையில் வேலை செய்யும் நண்பர்களே, "எல்லாத்தையும் அவர்கள் பெயரில் கொடுத்துவிட்டால், நாளைக்கு வேறு ஆளிடம் போய்விடுவார்களே" என்ற பயம் எனக்குப் புரியுது. ஆனால் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டதால் நிற்கும் வாடிக்கையாளர், வேறு வழி கிடைத்த அன்றைக்கே போய்விடுவார். வேலை பிடித்து நிற்பவர் நாலு பேரைக் கூட்டி வருவார். வேலை தொடங்கும்போதே ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தக் கணக்கு யார் பெயரில், மாதச் சம்பளம் எவ்வளவு, விளம்பரச் செலவு தனியாக எவ்வளவு, வேலை முடியும்போது எதை எதை ஒப்படைக்க வேண்டும். இரண்டு பேருக்கும் அதுதான் பாதுகாப்பு.

மக்கள் என்ன வார்த்தையில் தேடுகிறார்கள்?

கூகுள் ட்ரெண்ட்ஸ் என்ற இலவசக் கருவியில், இரண்டு மூன்று சொற்களைப் போட்டு எதை அதிகம் தேடுகிறார்கள் என்று ஒப்பிடலாம். தமிழ்நாடு என்று தேர்ந்தெடுத்து, கடந்த ஐந்து ஆண்டுகளுக்குப் பாருங்கள். தைப்பூசம், பங்குனி உத்திரத்தை ஒட்டிப் பழனி பற்றிய தேடல் எந்த வாரத்தில் ஏறுது என்று தெரிந்தால், விளம்பரத்தை அதற்கு முந்தின வாரமே தொடங்கலாம். சிறிய ஊரின் சொற்களுக்குப் போதுமான தகவல் இல்லை என்று சில நேரம் வரும். அப்போது தேடல் பெட்டியில் 'திண்டுக்கல்' என்று தட்டி நிறுத்துங்கள். கீழே விழும் பரிந்துரைகளே ஒரு பாடம்.

இணையதளம் இருந்தால் கூகுள் சர்ச் கன்சோலை இணைத்துவிடுங்கள். எந்தச் சொல்லைத் தேடி உங்கள் பக்கம் வந்தது, எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று அது காட்டும். தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி ஒரு முறை என்று மூன்று விதமாகவும் மக்கள் தேடுவார்கள். உங்கள் பக்கத்தில் மூன்றுக்கும் இடம் இருக்கட்டும்.

தமிழை யூனிகோடில் எழுதுங்கள். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அச்சகத்துக்காகப் பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே எடுத்து ஒட்டினால், தேடலுக்கு அது வெறும் புரியாத எழுத்துதான். விலைப் பட்டியலைப் போஸ்டர் படமாக மட்டும் போடுவதும் அப்படித்தான். படத்தோடு கீழே நாலு வரி எழுத்தாகவும் போடுங்கள்.

பக்கம் திறக்குதா?

உங்கள் இணையதளத்தைக் கடையில் இருக்கும் வைஃபையில் பார்க்காதீங்க. பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, சாதாரண போனில் திறந்து பாருங்கள். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கருவியில் முகவரியைக் கொடுத்தால், மொபைலுக்கும் கம்ப்யூட்டருக்கும் தனித்தனியாக 100-க்கு எவ்வளவு என்று மதிப்பெண் தரும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. தாமதத்துக்கு அடிக்கடி காரணமாக இருப்பது, கேமராவில் எடுத்த பெரிய படத்தை அப்படியே ஏற்றுவது. ஸ்கூஷ் என்ற இலவசத் தளத்தில் படத்தைச் சுருக்கிவிட்டுப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

கியூஆர் கோடு அச்சடிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சில இலவசத் தளங்கள் தங்கள் முகவரி வழியாகச் சுற்றிப் போகும் கோடைத் தரும். இலவசக் காலம் முடிந்ததும் அது வேலை செய்யாது. ஆயிரம் அட்டைப்பெட்டியில் அச்சடித்த பிறகு பணம் கேட்டால் என்ன செய்வது? உங்கள் முகவரிக்கே நேராகப் போகும் கோடை உருவாக்குங்கள். குரோம் பிரவுசரிலேயே 'ஷேர்' பகுதியில் அந்த வசதி இருக்கு.

எதை எண்ண வேண்டும்?

லைக் எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் கல்லாப்பெட்டி நிறையாது. பிசினஸ் ப்ரொஃபைலில் எத்தனை பேர் போன் செய்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்ற எண்ணிக்கை இருக்கு. அதை மாதம் ஒரு முறை நோட்டில் எழுதுங்கள். விளம்பரத்துக்குத் தனி, வாட்ஸ்அப்புக்குத் தனி என்று அடையாளம் சேர்த்த இணைப்புகளை உருவாக்க, கூகுளின் கேம்பெய்ன் யூஆர்எல் பில்டர் உதவும். எந்த வழியாக ஆள் வந்தார் என்று அனலிடிக்ஸ் காட்டிவிடும். இதோடு பழைய முறையையும் விட வேண்டாம். வருகிறவரிடம் "நம்ம கடை எப்படித் தெரிஞ்சது?" என்று கேளுங்கள்.

பக்கத்துக் கடை என்ன விளம்பரம் ஓட்டுகிறது என்று பார்க்க மெட்டா ஆட் லைப்ரரி, கூகுள் ஆட்ஸ் டிரான்ஸ்பரன்சி சென்டர் இரண்டும் எல்லோருக்கும் திறந்தே இருக்கு.

சட்டமும் சலுகையும்

புவிசார் குறியீடு பெற்ற பெயரை விளம்பரத்தில் போடுவதற்கு முன், உற்பத்தி செய்பவர் தன்னை அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்துகொள்வது நல்லது. பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கு. இதற்கான விண்ணப்பக் கட்டணம் 2020-ல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. வேறு ஊரில் செய்ததைத் திண்டுக்கல் பூட்டு என்று விற்றால், நம்ம பட்டறையில் அரம் பிடித்து லீவரைத் தேய்க்கும் கைக்குத்தான் நஷ்டம்.

காசு கொடுத்து ரிவ்யூ வாங்காதீங்க. "ஐந்து ஸ்டார் போட்டால் தள்ளுபடி" என்பதும் கூகுளின் விதிக்குப் புறம்பானது. கடைப் பெயரோடு தேவையில்லாத சொற்களைச் சேர்த்து நீட்டினாலும் ப்ரொஃபைல் முடக்கப்படலாம். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு ரீல்ஸ் போடுபவர், அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

ஜிஎஸ்டி இல்லாததால் ஆன்லைனில் விற்க முடியாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. விற்றுமுதல் வரம்புக்குள் இருந்து, மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்பவர்கள், 2023 அக்டோபர் 1 முதல் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலேயே ஆன்லைன் விற்பனைத் தளங்களில் விற்கலாம். அதற்கு ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணைக் கொடுத்து, ஒரு சேர்க்கை எண் பெற வேண்டும். உதயம் பதிவும் இலவசம்தான். அந்தப் பெயரில் பணம் கேட்கும் தனியார் தளங்களும் இருக்கின்றன. முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

"கூகுளில் இருந்து பேசுறோம், பணம் கட்டாட்டி உங்க கடை மேப்ல இருந்து போயிடும்" என்று யாராவது போன் செய்தால், போனை வையுங்கள். ஓடிபி கேட்டால் சொல்லாதீங்க. பணம் போய்விட்டது என்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ஐந்து சாவியையும் தாளில் எழுதி, பக்கத்தில் யாரிடம் என்று குறியுங்கள். வேறு பெயர் வரும் இடத்தில், நாளைக்குக் காலையில் அவருக்கே போன் போட்டு, "தம்பி, அதை என் பேருக்கு மாத்திக் கொடுப்பா" என்று அன்பாகக் கேளுங்கள். நல்லா இருக்கும்போது கேட்டால் பத்து நிமிஷ வேலை. சண்டை வந்த பிறகு கேட்டால் மாசக்கணக்கில் இழுக்கும்.